பொத்தானை அமத்த முதல்

லண்டனில் எங்கள் ஆட்களின் செத்தவீடுகளைப் படம்பிடிப்பது என் வேலை. கனடாவிலும் ஊரிலும் இருக்கும் உறவுகள் போனில் பார்த்து அழுவதற்காக அது நேரலையாகப் போகும். கமராவுக்குப் பின்னால் நிற்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட, நாலு பேருக்கு முன் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அது பெரிய நிம்மதி.

கணினி வேலைகளை மனைவியின் தம்பி பார்க்கிறான். படங்களை வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்தில் ஏற்றுவதும், எங்கள் இணையப் பக்கத்தில் போடுவதும் அவன் பொறுப்பு. வாடிக்கையாளருக்குப் பதில் எழுதும் வேலையை அவன் ஒரு ஏஐ ஏஜென்டிடம் கொடுத்திருந்தான். வருகிற செய்தியை வாசித்து, வேண்டியதை அதுவே செய்யும். அதற்காகச் சில கருவிகளை எழுதி வைத்திருந்தான். ஏபிஐ என்று அவன் சொல்வதை, ஒரு கணினி இன்னொன்றிடம் வேலை வாங்கும் வாசல் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஒவ்வொரு கருவிக்கும் அது என்ன செய்யும் என்று சில வரிகள் எழுதவேண்டும். ஏஜென்ட் அந்த வரிகளை வாசித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.

அப்டன் பார்க்கில் ஒரு அக்காவின் கணவர் மாரடைப்பில் போனார். ஒரே மகன் சிறையில் இருந்தான். செத்தவீட்டுக்கு அவனை விடவில்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் அவன். இங்கே சுடலையில் கொள்ளி என்பது எரியுலையின் ஒரு பொத்தான். அமத்தினால் பெட்டி உள்ளே போகும். அன்று பெறாமகன், அவருடைய அண்ணன் மகன் ஒருவன், அமத்தினான். அதற்கு முன்பே அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டிருந்தார்.

"தம்பி, கனடாக்காரருக்காக இல்லை. அவன் வெளியில வந்தாப் பிறகு பாக்கவேணும். தேப்பன்ர முகத்தைக் கிட்டவா எடுங்கோ."

எடுத்தேன்.

செத்தவீட்டுப் படம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகும் எல்லோர் கண்ணிலும் படக் கிடப்பதை எங்கள் ஆட்களில் பலர் விரும்புவதில்லை. அந்தியேட்டி முடிந்த அன்று அக்காவும் செய்தி அனுப்பினார்: "ஆட்கள் பார்க்கிற இடத்திலிருந்து எடுத்துவிடுங்கோ." பக்கத்திலிருந்து மறைத்தால் போதும். படம் எங்களிடம் இருக்கும், மகன் வந்ததும் கொடுப்போம், அதுதான் பேச்சு. படம் அகற்றப்பட்டது, உங்கள் துயரில் பங்குகொள்கிறோம் என்று ஏஜென்ட் மரியாதையாகப் பதில் போட்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மச்சான் போன் எடுத்தான்.

"அத்தான், அந்த அப்டன் பார்க் படம் உங்கட கமரா கார்டில கிடக்கோ?"

"இல்லை. அதுக்கு மேல வேற செத்தவீடு எடுத்திட்டன். ஏன்?"

"ஒருக்கா வீட்டை வாங்கோ," என்றான். நான் அவன் வீட்டுக்குப் போனேன்.

திரையில் இரண்டு கருவிகளைக் காட்டினான். ஒன்று படத்தை மறைக்கும். மற்றது சேமிப்பிடத்திலிருந்தே துடைத்துவிடும். இரண்டுக்கும் கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வசனம்: படத்தைப் பக்கத்திலிருந்து அகற்றும். ஏஜென்ட் இரண்டாவதை எடுத்திருந்தது.

"ரெண்டுக்கும் ஒண்டையே எழுதி வச்சனியோ?"

"எது என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியும்தானே."

"உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமோ?"

"நீங்கள் இப்ப எனக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்க வந்திட்டியளோ?"

அவன் சேமிப்பிடக்காரரைக் கூப்பிட்டான். துடைத்தது துடைத்ததுதான் என்றார்கள். கனடாவில் நேரலை பார்த்தவர்களைக் கேட்டான். யாரும் பதிந்து வைக்கவில்லை. கடைசியில் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"வேற எப்பிடி அத்தான் எழுதுறது? கவனம் எண்டு போடவோ?"

எனக்குச் சுடலையில் நிற்கும் ஒரு வெள்ளைக்காரர் நினைவுக்கு வந்தார். பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பது அவருடைய வேலை. அமத்த வருபவனின் காதருகே குனிந்து ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார். இதை அமத்தினால் பெட்டி உள்ளே போகும். பிறகு யாராலும் நிறுத்த முடியாது. பார்க்கவேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாயிற்றா? ஆயத்தமில்லை என்றால் விடுங்கள், காத்திருக்கலாம். ஓம் என்று தலையாட்டும்வரை கையைப் பொத்தானுக்குக் கிட்ட விடமாட்டார்.

"அந்தாள் கவனம் எண்டு சொல்லுறேல்லை," என்றேன். "என்ன நடக்குமெண்டுதான் சொல்லுவார்."

மச்சான் திரைப்பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினான். இந்தக் கருவி படத்தைச் சேமிப்பிடத்திலிருந்தே அழிக்கும். திரும்ப எடுக்க வழியில்லை. வேறு பிரதி இல்லை. பக்கத்திலிருந்து நீக்கச் சொன்னால் இதைத் தொடாதே, மறைக்கும் கருவியை எடு. அழிக்கவே சொன்னாலும், எந்தப் படம் என்றும் அழித்தால் மீளாது என்றும் சொல்லிக் கேள்; தெளிவான ஓம் வராமல் செய்யாதே. எழுதிவிட்டு, தான் சம்மதம் கொடுக்காமல் அது ஓடாதபடி ஒரு பூட்டும் போட்டான்.

"எழுத்தை மட்டும் நம்பேலாது," என்றான்.

வேறொரு படத்தை வைத்து அக்காவின் அதே செய்தியை ஏஜென்டுக்குக் கொடுத்துப் பார்த்தான். அது மறைக்கும் கருவியை எடுத்தது.

"அக்காவுக்கு இதைக்கொண்டே ஒரு மன்னிப்பு எழுதுவிக்கட்டோ?"

"வேண்டாம். நான் போறன்."

"நீங்களோ? பொலிஸ் மறிச்சாலும் வாய் திறக்காத ஆள் நீங்கள்."

அக்கா வீட்டுக்குப் போகும் கிரீன் ஸ்ட்ரீட்டில் மழை தூறியது. கடைகளின் முன்னால் மரக்கறிப் பெட்டிகளைப் பொலித்தீனால் மூடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதவைத் திறந்ததும், "படத்தைக் கொண்டு வந்தியளோ தம்பி?" என்று கேட்டார். என் கையில் ஒன்றும் இல்லை.

இருக்கச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். படம் அழிந்துபோய்விட்டது. பிழை எங்களுடையது. வேறு பிரதி இல்லை.

"திருப்பி எடுக்கேலாதோ?"

"ஏலாது அக்கா."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். சாமித்தட்டுக்குக் கீழே மாட்டியிருந்த கணவரின் படத்தைப் பார்த்தார். அது கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. அதில் அவர் யாருடனோ கோபமாக இருப்பதுபோல் இருந்தார்.

"நான் அண்டைக்கு ஒண்டும் பாக்கேல்லை," என்றார் அக்கா. "கண் முழுக்கத் தண்ணி. படத்தில பாக்கலாமெண்டு இருந்தனான்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே. அவன் வந்தாப் பிறகு நீங்கள் வந்து சொல்லவேணும். முதலிலயிருந்து. ஒண்டும் விடாமல்."

ஓம் என்றேன்.

திரும்பும் ரயிலில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். முகம் நினைவிருந்தது. இடது புருவத்தில் திருநீறு கொஞ்சம் சிந்தியிருந்தது. பெறாமகனின் கை பொத்தானுக்குப் போனதும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் கமராவைத் தாழ்த்துவது வழக்கம். கமராவோடு நானும் நிலத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பெட்டி உள்ளே போனதை நான் காணவில்லை. கொள்ளி வைக்கவேண்டிய மகன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.