பட்டாசு லோடோடு போன லைசென்ஸ் பரீட்சை

இலங்கை லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கேயும் வண்டி ஓட்டலாம் என்று நம்பிக் கப்பலேறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நம்பியவன்தான். கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்து, தோட்டத்துக் காரை மலைச்சாலையில் ஓட்டியவன். 1963 ஆவணியில் மனைவியோடு தனுஷ்கோடியில் இறங்கி, சிவகாசியில் அவளுடைய அண்ணன் வீட்டில் தங்கினேன்.

அச்சகம் ஒன்றில், காரில் ஊர் ஊராகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் வேலை இருந்தது. "திங்கக்கிழமை லைசென்ஸோட வாங்க, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை இல்லையென்றால் மச்சான் வீட்டுச் சாப்பாடுதான். தினமும் பந்தியில் என்னைக் காட்டி, "கொழும்புத் துரைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பார். அதை நான் மறப்பதாக இல்லை.

இலங்கை லைசென்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்களாம். பழகுநர் லைசென்ஸ் எடுத்து, பிறகு ஓட்டிக் காட்ட வேண்டும். முதலாவதை எடுத்தாயிற்று. மோட்டார் இன்ஸ்பெக்டர் மாதம் ஒருமுறைதான் விருதுநகருக்கு வருவார். அந்த வாரச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த மாதம். வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும். தீபாவளி சீசனில் சிவகாசியில் சும்மா நிற்கிற வண்டி ஏது? மச்சானிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வேனைத் தாரேன் மாப்ளே. போறதும் போறீக, நாரணாபுரத்துப் பட்டாசு லோடு ஒண்ணு கெடக்கு. விருதுநகர் கிட்டங்கில இறக்கிட்டுப் பரீட்சைக்குப் போங்க."

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, மச்சானின் டிரைவர் மாடசாமி பக்கத்தில். திருத்தங்கல் வரை சாலை பரவாயில்லை. அதற்கப்புறம் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. பதினாறு மைலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. போனால் சரக்கை இறக்க வேண்டிய கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருந்த கணக்கப்பிள்ளை கல்யாணத்துக்குப் போயிருந்தார், மாலையில்தான் வருவாராம். லோடோடு பரீட்சைக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் என் பழைய லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தார். "அங்கே ஓட்டினது அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, புகைகிற சிகரெட்டோடு வேனில் ஏறப்போனார்.

"அய்யா, சிகரெட்ட அங்கிட்டுப் போட்டுருங்க" என்றான் மாடசாமி. "உள்ள அம்புட்டும் வெடி."

இன்ஸ்பெக்டர் பத்தடி பின்னால் போய்த்தான் நின்றார். "அடுத்த மாசம் காலி வண்டியோட வாங்க."

மாடசாமிதான் பேசினான். "சிவகாசியிலருந்து இவுகதான் ஓட்டியாந்தாக. பாதி வழியில ஆனைக்குட்டம் வந்ததும் நான் தூங்கிட்டேன்."

"வெடிய வச்சுக்கிட்டா தூங்கினே?"

"இவுக ஓட்டுனா தூக்கம் வருதுய்யா. எங்க மொதலாளி, அதான் இவுக மச்சான், ஓட்டுனா வழியெல்லாம் சாமியக் கூப்பிட்டுக்கிட்டே வரணும்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். தூரத்துப் புளியமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, "நான் இங்கேயே இருக்கேன், நீங்க ஓட்டுங்க" என்று கத்தினார். கைச்சைகை காட்டினேன். இரண்டு கல்லுக்கு நடுவே பின்னால் எடுத்தேன். கடைசியாக, கண்மாய்க்கரை மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னார். மலைச்சாலையில் தினமும் செய்த காரியம்தான். வண்டி ஓரங்குலம்கூடப் பின்னால் நழுவவில்லை.

"பாஸ்" என்றார். "முதல்ல அந்த வண்டிய இங்கேருந்து எடுங்க."

அன்று மாலை லோடை இறக்கிவிட்டுக் குடித்த டீயைப் போல இந்த நாட்டில் வந்திறங்கிய பிறகு நான் எதையும் ருசித்துக் குடிக்கவில்லை.

போகிறவர்கள் பழைய லைசென்ஸையும் எடுத்துப் போங்கள். செல்லாது என்றாலும் கேட்டுப் பார்க்கிறார்கள். முகூர்த்த நாளில் எந்தக் கிட்டங்கியையும் நம்பாதீர்கள். முடிந்தால் விருதுநகரிலேயே வாடகைக் கார் பிடியுங்கள், சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று. பால் காய்ச்சுவதற்கு அண்ணனை அழைக்க வேண்டும் என்கிறாள் மனைவி. அவர் வேன் தராவிட்டால் லைசென்ஸ் ஏது என்கிறாள். நியாயமான கேள்விதான். இரண்டு நாளாக, அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.