பூண்டு இரண்டு பல், எலுமிச்சை அரை மூடி

போன சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போதுதான் பேப்பரை விரித்தேன். வாசலில் பெல். ஒரு தடவை அல்ல, விடாமல்.

பக்கத்து வீட்டு வடிவு. முழுப் பெயர் சண்முகவடிவு. கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. தெலுங்கு ஊரான இந்தச் சைனிக்புரிக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான்.

"அக்கா, நிவேதா மொகத்த வந்து பாருங்களேன்... வெந்து போயிட்டுக்கா!"

ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பூண்டு வாசனை. சமையல் என்று நினைத்தேன். இல்லை, வாசனை அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து ஈரத்துண்டை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேல். இடது பக்கம் தோல் லேசாகக் கொப்பளித்திருந்தது.

நிவேதா வடிவுவின் ஒரே மகள். இன்ஜினீயரிங் முடித்திருக்கிறாள். திங்கள்கிழமை காலை ஹைடெக் சிட்டியில் இன்டர்வியூ. ஆறு மாதம் காத்திருந்து வந்த முதல் அழைப்பு. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள் கிளம்பிவிட்டன. அவளுக்கு ஜாவா கவலையே இல்லை, பரு கவலைதான்.

"என்னடீ போட்ட?" என்றேன்.

"மம்மி நோட்ல இருந்துச்சு ஆன்ட்டி. எக்ஸாக்ட்லி அப்படியே ஃபாலோ பண்ணேன். அரை மணி நேரம். மொபைல்ல அலாரம் வெச்சேன்!"

எரிய எரிய, அலாரம் அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள். இன்ஜினீயர் அல்லவா?

வடிவு அந்த நோட்டை நீட்டினாள். இருபது வருஷமாகப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய குறிப்புகள். பிரித்து வைத்திருந்த பக்கத்தைப் படித்தேன். 'பருவா? பறக்கடி! பூண்டு இரண்டு பல், எலுமிச்சை அரை மூடி, பட்டைப் பொடி ஒரு சிட்டிகை. விழுதாக்கி முகத்தில் பூசி அரை மணி நேரம் ஊறவிடவும். சற்று எரிந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.' கீழே பெயர்: அழகம்மை.

நோட்டைச் சட்டென்று மூடினேன். ஏனென்றால்... அழகம்மை நான்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகுக் குறிப்பு எழுதும் அம்மாள் பிரசவத்துக்குப் போய்விட்டார். எடிட்டர் என் மேஜைக்கு வந்தார். "பத்து குறிப்பு வேணும்மா, ஒரு மணி நேரத்துல" என்றார். எனக்கு என்ன சார் தெரியும் என்று கேட்டேன்.

"வீட்டுச் சமையல்கட்டுல என்னென்ன இருக்கு?"

சொன்னேன்.

"அதுல ரெண்டைக் கலந்து மொகத்துல தடவச் சொல்லு."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. ஆறு மாதம் எழுதினேன். ரசம் வைக்கத் தேவையான அத்தனையையும் தமிழ்ப் பெண்களின் முகத்தில் தடவியாயிற்று, புளி ஒன்றுதான் பாக்கி. அந்தக் கடைசி வரி இருக்கிறதே, 'சற்று எரிந்தால்'... அது என் சொந்தச் சரக்கு. எழுதியபோது ஒரு கம்பீரம் வந்த மாதிரி இருந்தது.

இதையெல்லாம் அங்கே சொன்னேனா? சொல்லவில்லை. "ஆட்டோ கூப்பிடு" என்றேன்.

அல்வாலில் ஒரு ஸ்கின் டாக்டர். சின்ன வயசுப் பெண், தெலுங்குக்காரர். முகத்தைப் பார்த்த உடனே, "எவரு செப்பாரம்மா?" என்றார். யார் சொன்னது என்கிறார்.

"பத்திரிகையில போட்டிருந்தாங்க" என்றாள் வடிவு, மரியாதையாக. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும், எலுமிச்சை போட்டுக்கொண்டு வெயிலில் போனால் கறுப்புத் திட்டு விழும் என்றார். முதலில் இந்தப் புண் ஆறவேண்டும், பரு வைத்தியம் அதற்கப்புறம்தான். அதுவரை மேக்கப் கூடாது. இன்டர்வியூவுக்குமா என்று நிவேதா கேட்டாள். இன்டர்வியூவுக்கும்தான்.

"டாக்டர், மெடிக்கல் ஷாப்ல ஒரு க்ரீம் இருக்காம். மூணே நாள்ல பளிச்னு ஆயிருமாமே?" வடிவு விடுவதாக இல்லை.

டாக்டருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்த மாதிரி க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், முதல் வாரம் பளிச்சென்றுதான் இருக்கும், விட்டவுடன் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்றார். அப்படி வந்தவர்களைத்தான் தினமும் பார்க்கிறாராம். பரு குறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். புண் ஆறியதும் ராத்திரியில் பட்டாணி அளவு மருந்து, முகம் முழுக்க மெல்லிசாக. காலையில் சன்ஸ்கிரீன். இரண்டு வேளை முகம் கழுவவேண்டும். கிள்ளக் கூடாது. தலைக்கு வைக்கிற எண்ணெய் நெற்றியில் வழியக் கூடாது. தலையணை உறையை அடிக்கடி மாற்றவேண்டும்.

கேட்க எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள். இதை எழுதிக் கொடுத்திருந்தால் எந்த எடிட்டர் போடுவார்?

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பல் வலித்தால் டாக்டரிடம் போகிறோம். கண் சிவந்தால் போகிறோம். பருவுக்கு மட்டும் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறோம். அதோடு, அது யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லக்கூடிய வியாதி. பால் பூத்காரர் நிவேதாவைப் பார்த்து, "ஆயில் நக்கோ பேட்டீ" என்கிறார். எண்ணெயே வேண்டாமாம். மாடி வீட்டம்மாள் சாக்லேட்டை நிறுத்தச் சொல்கிறார். டூத்பேஸ்ட் வைக்கச் சொன்னவர் ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் குகட்பள்ளியிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். பாவம், அந்தப் பெண் ஒரு வாரமாக வாசல் கதவைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தாளாம்.

திரும்பி வரும்போதும் ஆட்டோதான். நிவேதா துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் மெதுவாகச் சொன்னாள்:

"அதுல கரெக்டாத்தான் போட்டிருப்பாங்க ஆன்ட்டி. எல்லாருக்கும் ஒர்க் ஆகியிருக்கும்ல? என் ஃபேஸ்தான் சரியில்ல."

டாக்டர் கேட்டபோது காலண்டர் படித்தவள் நான். இந்தப் பேச்சை மட்டும் தாங்க முடியவில்லை.

"உன் மொகத்துக்கு ஒண்ணுமில்ல. அதை எழுதினவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. எழுதினவ நான்" என்றேன்.

எடிட்டர், பிரசவம், ஒரு மணி நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். நிவேதா துப்பட்டாவை விலக்கி என்னைப் பார்த்தாள். "சீரியஸ்லி, ஆன்ட்டி?" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்தால் கன்னம் எரிந்தது, 'ஆ ஆ' என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை. ஆட்டோ நின்றதும் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை வரவில்லை. வடிவு வீட்டு மரத்துக் கறிவேப்பிலை ஞாயிறுதோறும் தானாக வந்துவிடும். திங்களும் வரவில்லை. அந்தச் சிநேகிதம் முடிந்தது என்றே நினைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

திங்கள் சாயங்காலம் நிவேதா மட்டும் வந்தாள். கன்னத்தில் இரண்டு சிவப்புத் திட்டுகளோடு, மேக்கப் இல்லாமல், பஸ்ஸில் போய், இன்டர்வியூ முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

"முகத்தைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"நோ ஆன்ட்டி. என்னை இன்டர்வியூ பண்ணவருக்கே கன்னம் ஃபுல்லா பிம்பிள்ஸ். ஹி வாஸ் மோர் ஷை தேன் மீ!"

அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை வடிவு வந்தாள். கையில் கறிவேப்பிலை இல்லை. அந்த நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும் இருந்தன.

"உக்காருங்கக்கா. இதுல அழகம்மை எழுதினது எது எதுன்னு பாத்து அடிச்சுக் குடுங்க."

பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். நகத்துக்கு மிளகு... அடித்தேன். உதட்டுக்குப் பெருங்காயம்... அடித்தேன். தலைமுடிக்குச் சின்ன வெங்காயச் சாறும் மோரும் என்ற இடத்தில் வடிவு பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுவுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட பாவி அக்கா! ஒரு வருஷம் தேச்சேன். அவுக பக்கத்துலயே வரல்ல!"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் துணிந்து சிரித்தேன். காபி போட்டேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை ஓடியது.

கடைசியில் அழகம்மை குறிப்புகளில் அடிபடாமல் ஒரே ஒரு வரி மிஞ்சியது. பூண்டு விழுதுக்குக் கீழே, பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: 'தினம் இருவேளை முகத்தைக் கழுவி, பருவின் மேல் கை வைக்காமல் இருந்தாலே பாதி குறையும்.'

"இத அடிக்க வேண்டாம்லா? அந்த டாக்டரும் இதத்தான் சொல்லிச்சு" என்றாள் வடிவு. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இது ஒண்ணாவது நல்லா எழுதியிருக்கியக்கா."

தலையாட்டினேன். மறுநாள் காலை கறிவேப்பிலை வந்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... அந்த வரி நான் எழுதியதில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது என்று எடிட்டர் சேர்த்தது.