அருவிக்கரைக்காரிக்கு ஆப்சென்ட்

சுண்ணாம்புக்கல்லு மேல ஆசிட் ஒரு சொட்டு விட்டா சுர்ருனு நுரைக்கும்... மூக்குல குத்துற அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கல.

ஜப்பான்காரன் வர்றதுக்கு சில வருஷம் முன்னாடி. ஜொகூர் பாருல டீச்சர் வேலைக்குப் படிக்கிற ஒரு காலேஜ்ல சேர்ந்திருந்தேன். முதல் வருஷத்துல ஜியாலஜினு ஒரு பாடம். மேசை முழுக்க டிரே, டிரே நிறைய கல்லு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். லெக்சரர் ஒரு வெள்ளைக்காரர். வகுப்பு நிறைய ஆம்பள பசங்க. பொண்ணுங்க ரெண்டே பேர்... நானும் ஒரு சீனப் பொண்ணும்.

எனக்கு அந்தப் பாடம்னா உசுரு லா!

ஏன்னா கல்லு எனக்குப் புதுசு இல்ல. அப்பா கோத்தா திங்கி அருவிக்குப் பக்கத்துல ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து கட்டுற டிரசர். அம்மா நான் சின்னவளா இருக்கும்போதே போய்ட்டாங்க. அதனால வீட்டுத் துணி மொத்தமும் என் தலையில. பத்து வயசுலேர்ந்து அருவிக்குக் கீழ இருக்கிற பாறையில தான் துவைச்சேன்.

அந்த வெளிர் பாறைக்குக் குறுக்க கறுப்பா ஒரு பட்டை ஓடும். வெயில்ல அது மட்டும் காலைச் சுட்டுடும். அங்கங்க உரல் மாதிரி வட்டமா குழி... உள்ள கைய விட்டா உருண்டையா கல்லு கிடைக்கும். யாரு வந்து இதைக் குடைஞ்சிருப்பானு யோசிச்சுக்கிட்டே அப்பா சட்டைக்கு சோப்பு போடுவேன்.

ஒருநாள் லெக்சரர் போர்டுல அதே குழியைப் படமா போட்டாரு. வெள்ளம் சுழலும்போது உள்ள மாட்டுன கல்லு சுத்திச் சுத்தி பாறையையே குடைஞ்சிடுமாம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல சோறே இறங்கல, அவ்ளோ சந்தோஷம்.

அப்புறம் தான் அறிவிச்சாங்க... கல்லு, பாறையெல்லாம் நேர்ல பார்க்க லாரில ஒரு டிரிப். போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதணும், இல்லன்னா பாஸ் கிடையாது. எங்க? கோத்தா திங்கி அருவிக்கு! அலமாக், நான் சிரிச்ச சிரிப்புக்கு அளவே இல்ல.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம் தான்.

எனக்கு அப்ப நிச்சயம் ஆயிருந்தது. மாப்பிள்ளை பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசி பேக்டரில கணக்கு எழுதுற கிராணி. டீச்சர் பொண்ணு தான் வேணும்னு தேடி வந்த குடும்பம். மாப்பிள்ளையோட அம்மா காதுக்கு டிரிப் விஷயம் எப்படியோ போயிடுச்சு. ஆள் விட்டு அப்பாகிட்ட சொல்லி அனுப்பினாங்க. "நிச்சயம் ஆன பொண்ணு ஆம்பள பசங்களோட லாரி ஏறுனா, எங்க சொந்தக்காரங்க வாயை யாரு மூடுறது?"

அப்பா வெள்ளிக்கிழமையே வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாரு.

"அப்பா, வீட்லேர்ந்து அரை மைல் தானே... நீங்களே கூட வாங்க, பார்த்துட்டு வந்துடலாம்."

"வேணாம் பாப்பா. கண்டவன் கண்டதைப் பேசுவான். நீ வெளியவே வராத."

மறுநாள் கொட்டோ கொட்டுனு மழை. எங்க வீட்டு வாசல் வழியா தான் லாரி போச்சு, ஹாரன் அடிச்சுக்கிட்டே. நான் ஜன்னலுக்குப் பின்னாடி நின்னேன். அரை மணி நேரத்துல லாரி திரும்பிப் போயிடுச்சு. வெள்ளம் பாறையை மூடியிருந்ததாம், யாரும் லாரியை விட்டு இறங்கவே இல்லையாம். அந்தச் சீனப் பொண்ணு அண்ணனைத் துணைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அவ தான் பின்னாடி எல்லாத்தையும் சொன்னா. லெக்சரர் லாரிக்குள்ளயே ஒரு பக்கம் டிக்டேட் பண்ணினாராம். அதையே எல்லாரும் எழுதிக் கொடுத்தாங்க.

நான் எட்டு பக்கம் எழுதினேன். கறுப்புப் பட்டை எத்தனை சாண் அகலம், எந்தக் குழி ஆழம், எந்த மாசம் தண்ணி செம்மண் கலர்ல வரும்... படத்தோட.

லெக்சரர் பேப்பரைத் தூக்கிக் காட்டினாரு. "மிஸ், நீங்க தான் அன்னைக்கு வரவே இல்லையே. இதை எந்தப் புஸ்தகத்துல பார்த்து எழுதினீங்க?"

"சார், அது எங்க ஊரு. எட்டு வருஷம் அந்தப் பாறையில தான் துணி துவைச்சேன்."

வகுப்பே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. "துணி துவைக்கிறதுக்குப் பேரு அப்சர்வேஷன் இல்ல, மிஸ்."

ரிப்போர்ட்டுக்கு முட்டை. பாடத்துல பெயில். காலேஜ்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க.

இதைக் கேட்டுட்டு பெக்கான் நானாஸ்லேர்ந்து மறுபடியும் ஆள் வந்தாங்க. பெயிலான பொண்ணு வேணாமாம். யாருக்காக நான் லாரி ஏறலையோ... அதே அம்மா தான்! அப்பா மருந்து பாட்டிலைத் துடைச்சுக்கிட்டே நின்னாரு. எனக்கு மாப்பிள்ளை போனதுக்குக் கண்ணு கலங்கல. அந்த எட்டு பக்கத்துக்கு அழுதேன். அப்பாகிட்ட மூணு மாசம் முகம் கொடுத்துப் பேசல.

அதுக்கப்புறம் பல வருஷம் அவர் ஆஸ்பத்திரியோட பேண்டேஜ் துணியைத் துவைச்சுக் காய வெச்சேன். அதே பாறையில.

போன மாசம் அங்க போனேன். இப்ப தார் ரோடு, டிக்கெட், கேன்டீன்... என் உரல் குழிக்குப் பக்கத்துல கம்பி வேலி போட்டிருக்காங்க. ஸ்கூல் பஸ் ஒண்ணு வந்து நின்னுது. சின்ன வயசு சார் ஒருத்தர் ரிஜிஸ்டர் வெச்சுக்கிட்டு பேர் கூப்பிட்டாரு. பஸ்ஸை விட்டு இறங்காத ஒரு பொண்ணு, பாதித் தூக்கத்துல ஜன்னல் வழியா "பிரசென்ட் சார்"னா. அவரும் டிக் போட்டுட்டாரு.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. நல்லா இருக்கட்டும்.

ஆனா எழுபது வயசை நெருங்கிட்டேன், இன்னும் ஆறல. இந்தப் பாறையோட ஒவ்வொரு பள்ளமும் என் உள்ளங்காலுக்குத் தெரியும். அந்தக் காலேஜ் ரிஜிஸ்டர்ல மட்டும் நான் இங்க வந்ததே இல்ல.