தரை உரசிய கதவு

“…கேக்குறேன்ல, உசுரோட இருக்குற மனுசன்னா ஒரு சத்தமாச்சும் குடுக்க வேண்டாமாண்ணே?” என்று எதிர்வீட்டம்மா என் வாசலில் நின்று கேட்டபோது எனக்கு ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. ஃபேன் இரைச்சலில் அவர் முதலில் கூப்பிட்டது எதுவும் காதில் விழவில்லை. கேள்வியின் வால்தான் விழுந்தது.

பதில் சொல்லுமுன் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தம்மா அங்கேயே நிற்கட்டும். கோபமாக வந்திருக்கிறார், சட்டென்று போய்விட மாட்டார்.

வில்லாபுரத்தில் எங்கள் சந்து, இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய அகலம். கொசு மட்டும் தாராளம். அதனால் என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி, மரக்கதவுக்கு வெளியே ஒரு வலைக்கதவு போட்டோம். ஆசாரி சட்டத்தைக் கனமாகச் செய்துவிட்டார். சாயங்காலமானால் அவள் அந்தக் கதவைப் பாதி திறந்து, கால் இரண்டையும் உள்ளே வைத்து, கைப்பிடியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு எதிர்வீட்டம்மாவிடம் பேசுவாள். மணிக்கணக்கில். “உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசேன்” என்றால், “உக்காந்து பேசுற அளவுக்கு ஒண்ணுமில்ல, சும்மா ரெண்டு வார்த்தைதான்” என்பாள். அந்த ரெண்டு வார்த்தை பதினைந்து வருஷம் நடந்தது. அதன் பிறகு அவள் போய்விட்டாள். மூன்று வருஷம் ஆகிறது.

அவள் போனதிலிருந்து எதிர்வீட்டம்மா என் படியேறியதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தனி ஆம்பிளை இருக்கிற வீடு, சந்தில் பத்துக் கண் இருக்கிறது. நல்ல நாளில் பொங்கலோ வடையோ வரும், கொண்டுவருவது அவர் வீட்டுக்காரர். பாத்திரத்தை நீட்டி, “சாப்புடுங்க” என்பார். அத்தோடு சரி. நெசவிலும் சாயப்பட்டறையிலும் காலம் தள்ளிய மனிதர், ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை என்று வைத்திருப்பார் போலிருக்கிறது. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். இத்தனை வருஷம் எதிரில் இருந்தும் எனக்கு அதில் பத்து வார்த்தை தெரியாது. ஆனால் எது சண்டை, எது கேலி, எது ‘சாப்பிட வா’ என்று ராகத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். சாயங்காலம் டிவியை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். புரியாத பேச்சாக இருந்தாலும் மனிதர்கள் பேசுகிற சத்தம்தானே.

நான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும், நடுவில் முழுக்கப் பேச்சுத்தான். எனக்குப் படிப்பு என்றால் அந்தப் பேச்சு. ஜனங்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். ஒரு தடவை ஒரு பூக்காரம்மா, நெரிசலில் பின்னாலிருந்து தள்ளியவர்களைப் பார்த்துச் சொன்னார்: “தள்ளாதீங்கய்யா, நானே எம் மகன் வீட்டுக்குப் போகப் பிடிக்காமத்தான் போய்க்கிட்டிருக்கேன்.” இறங்குமிடம் தாண்டித் தூங்கிப்போன ஒருவரிடம், “நல்லாத் தூங்குனீங்கண்ணே, எழுப்ப மனசு வரல” என்றேன். அவர், “வீட்டுல அது முடியாமத்தானப்பா பஸ் ஏறுறேன்” என்றார். இப்படி நாலு நோட்டு. ஐந்தாவது நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். ரிட்டயரான பிறகு என்னிடம் யார் பேசுகிறார்கள், எழுதுவதற்கு? டெலிவரிக்கு வருகிறவர் “ஓடிபி சொல்லுங்க சார்” என்கிறார். அதை எத்தனை தடவை எழுதுவது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். இந்தச் சித்திரையில் அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒருவர் குளியலறையில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் பார்த்தார்கள். அந்தச் செய்தி எப்படியோ அவள் காதுக்கும் போய்விட்டது. அதிலிருந்து ஒரே கேள்விதான்.

“யாராச்சும் தினமும் உங்களப் பாக்குறாங்களாப்பா?”

“பாக்காம என்ன. எதிர்வீட்டுல பாக்குறாங்க.”

“நெசமாவா? யாரும் பாக்கலைன்னா சொல்லுங்க, இந்த மாசமே வீட்டப் பூட்டிட்டுக் கூட்டியாந்துருவேன்.”

அவள் அன்பில் ஒரு சந்தேகமும் இல்லை. மருமகனும் தங்கமானவர். ஆனாலும் எனக்கு அந்தப் பூக்காரம்மா ஞாபகம்தான் வரும். அதனால் பொய் சொன்னேன். மகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன், அந்தக் குளியலறை ஆளின் நினைப்புக்கு என்ன பதில் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் கதவு. கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கி, பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலை வாசல் சிமெண்டில் இடிக்க ஆரம்பித்தது. திறந்தால் ‘கர்ர்ர்க்’ என்று சந்து முழுக்கக் கேட்கும். வாசலில் அரைவட்டமாக ஒரு கோடே விழுந்துவிட்டது. விடிகாலைப் பால் எடுக்க ஒரு கர்ர்க், பேப்பருக்கு ஒன்று, துண்டு காயப்போட ஒன்று. ஒரு நாள் எதிர்வீட்டம்மா காய்வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “எங்களுக்கு அலாரமே தேவையில்ல, அந்தக் கதவு இருக்கு” என்றார். காய்வண்டிக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் பேர் பேச்சைக் கேட்டவன், எது குத்தல் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கதவின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே ஒரு கம்பி, நடுவில் திருகு வைத்த ஒரு கூடு. கூட்டைத் திருகினால் இரண்டு பக்கக் கம்பியும் உள்ளே இழுபட்டுக் கதவு நிமிர்ந்துவிடுமாம். தளர்ந்தால் மறுபடி திருகிக்கொள்ளலாமாம். “ஆர்டர் போட்டு விடவாப்பா?” என்றாள். வேண்டாம் என்றேன். தெருமுனையிலேயே இரும்புக்கடை இருக்கிறது. ஆனாலும் பஸ் ஏறித் திருமங்கலம் போனேன். என் பழைய ரூட்டு. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் காதில் ஒயரை மாட்டியிருந்தார்.

கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, “டர்ன்பக்கிளா? இருக்குண்ணே” என்றார். அதை எடுத்துக்கொண்டே, “கதவுல சின்னப் புள்ளைக ஏறித் தொங்குமோ? இம்புட்டு இறங்கியிருக்குன்னா யாரோ ஆளு பாரத்தப் போட்டிருக்கணும்” என்றார்.

“புள்ளைக யாருமில்ல” என்றேன். அந்தக் கைப்பிடியும் அதில் சாய்ந்திருந்த கையும் கண்ணுக்குள் வந்தன. பிறகு அவர் கேட்காமலேயே, “இந்த ரோட்டுல முப்பது வருஷம் நான் கண்டக்டரு” என்றேன். “அப்படியாண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ஆணி எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து திருப்புளியும் கையுமாக உட்கார்ந்தேன். மேல்மூலை ஒன்று, கீழ்மூலை ஒன்று, அவ்வளவுதானே? தொங்குவது பூட்டுப் பக்கம். ஆகவே பூட்டுப் பக்கத்து மேல்மூலையில் ஒரு முனையை முடுக்கி, கீல் பக்கத்துக் கீழ்மூலைக்கு இழுத்தேன். நடுக்கூட்டைத் திருகினேன். கதவு இன்னும் இறங்கியது. பற்றவில்லை போல என்று இன்னும் திருகினேன். இன்னும் இறங்கியது. கடைசியில் சிமெண்டைக் கவ்விக்கொண்டு அசையவே மாட்டேன் என்றது. அன்று மதியம் வரை நான் என் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தேன். கூப்பிட்டால் யாராவது வந்திருப்பார்கள். எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கம்பியைக் கழற்றிய பிறகுதான் கதவு விட்டது.

மறுநாள் மறுபடி திருமங்கலம். கடைக்காரர் சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய மரியாதை.

“அண்ணே, கண்டக்டர்னு சொன்னீங்கள்ல. பைய எப்படி மாட்டுவீங்க?”

“ஒரு தோள்ல மாட்டி, அங்கிட்டு இடுப்புக்குத் தொங்க விடுவேன்.”

“அம்புட்டுத்தான். கீல் இருக்குற பக்கம் மேல்மூலைதான் தோளு. பூட்டுப் பக்கம் கீழ்மூலைதான் பை. வாரைத் தோள்ல மாட்டாம இடுப்புல மாட்டிப்புட்டு இழுத்தா, பை தரையிலதான கெடக்கும்?”

நான் சொன்னதை அவர் காதில் வாங்கியிருந்தார். பஸ் ஏறுமுன் ஸ்டாண்டில் நின்றபடியே ஐந்தாவது நோட்டில் அதை எழுதிக்கொண்டேன்.

கம்பியை மாற்றிப் போட்டேன். திருகத் திருகக் கதவின் கீழ்மூலை தரையை விட்டு எழும்பியது. முதலில் ஒரு பேப்பர் போகிற இடைவெளி, பிறகு விரல் போகிற இடைவெளி. தள்ளினால் சத்தமே இல்லாமல் போய்வந்தது. பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். இனி எதிர்வீட்டில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. காரணம் தெரியாததால் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

ஒரு நாள் போனது. இரண்டாம் நாள் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது. பால் பை கேட்டிலேயே தொங்கியது, பேப்பர் வாசலிலேயே கிடந்தது. எடுக்கலாம், யாருக்கு என்ன அவசரம் என்று முகம் மழிக்க நின்றேன். அப்போதுதான் கீழே கேட்டை யாரோ உள்ளங்கையால் படபடவென்று அடித்தார்கள்.

“முந்தாநேத்திலிருந்து கதவுச் சத்தமே காணோம்” என்றார் எதிர்வீட்டம்மா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தார், கையெல்லாம் ஈர மாவு, செருப்புக்கூட இல்லை. “மகளூட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குப் பாத்தாப் பால் தொங்குது. கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை போச்சு. அடுத்த தெருவுக் கதை தெரியும்ல உங்களுக்கு?”

“சத்தம் உங்களுக்குத் தொந்தரவுன்னுதான் சரி பண்ணிட்டேன்” என்றேன். “அலாரம்னு சொன்னீங்களே, காய்வண்டிக்காரர்ட்ட.”

“ஆமா, சொன்னேன். அதுல என்ன தொந்தரவு? காலையில அடுப்படியில நிப்பேன். உங்க கதவு கர்ர்ங்கும். சரி, அண்ணே எந்திரிச்சிட்டாருன்னு எங்க வேலையப் பாப்போம். மதியம் ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. எங்க வீட்டுல இவுகளும் கேப்பாக, ‘கேட்டுச்சா’ன்னு. மதினி போனதுல இருந்து அப்படித்தான். படியேறி வந்து விசாரிக்கவா முடியுது?”

மகளிடம் நான் சொல்லிவந்தது பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. துடைத்துக்கொண்டேன்.

“இது என்ன, இந்தக் கம்பியா?”

“ஆமா. இங்கிட்டுத் திருகுனா ஏறும்.”

“அங்கிட்டுத் திருகுனா?”

“இறங்கும். விடுங்க, நான் பண்ணுறேன். தரை தேயும்னுதான்…”

“தேயட்டும்” என்றார்.

இருந்த மூன்று படியையும் ஏறி வந்து, கதவை அகலத் திறந்து, மாவுக் கையாலேயே நடுக்கூட்டைப் பிடித்து நாலு திருகு திருகினார். கதவைத் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லை. இன்னும் இரண்டு. மூலை லேசாகத் தரையைத் தொட்டது. பிறகு என்னைப் பார்க்காமல் படியிறங்கிச் சந்தைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போய், அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “இப்பத் தொறங்கண்ணே!”

திறந்தேன். சன்னமாக ஒரு கீச்.

“தொறந்தீங்களா?”

“தொறந்துட்டேன்!”

“கேக்கல!”

திரும்ப வந்தார். திரும்பப் படியேறினார். ஒன்றரைத் திருகு. திரும்பப் போனார். சொல்வதற்கு முன்னாலேயே நான் கதவை இழுத்தேன். ‘கர்ர்ர்க்’ என்றது. உள்ளே அவர் தன் வீட்டுக்காரரிடம் சௌராஷ்டிரத்தில் என்னவோ சொன்னார். பிறகு கரண்டியால் பாத்திரத்தில் விசில் மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார்.