750 பஸ்ஸில் நெல்லியடிக்கு, தனியாக

முள்ளந்தண்டில் இருந்த கட்டியை எடுத்துப் பதினொரு மாதமாகிறது. இரண்டு வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை, முதல்முறையாகத் தனியாக பஸ் ஏறினேன்.

நெல்லியடியில் என் சிநேகிதி வாசுகி ரியூட்டரி, அதாவது தனியார் வகுப்பு நிலையம், நடத்துகிறாள். சனிக்கிழமைகளில் கணிதம் படிப்பிக்க வரும்படி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். துணையில்லாமல் போய்த் திரும்ப முடிந்தால் ஒப்புக்கொள்வது, முடியாவிட்டால் படிப்பிப்பதையே விட்டுவிடுவது என்று எனக்குள் தீர்மானித்திருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நல்லூரிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு ஓட்டோ, நானூறு ரூபா. என் சிறுநீர்ப்பை இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பொறுக்காது. அதனால் முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போனேன். 750 பஸ் 9.10க்கு வெளிக்கிட இருந்தது. இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. அது படியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றக் காலைத் தூக்கலாம். மூன்று படிக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

கொண்டக்டர் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏலாத ஆள் ஒண்டு ஏறுது, முன் சீற்றை விடுங்கோ."

எங்கள் ஊரில் நோயாளி என்றால் 'ஏலாத ஆள்'. முடியாது என்பதற்கும் அதே சொல்தான். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

"தம்பி, எனக்கு ஏலும். ஆனா இருந்துதான் போகவேணும்."

"ஏலுமெண்டா பிறகென்னத்துக்கு அக்கா சீற்?" என்றார் எழும்பி இடம் விட்ட பெண்.

"நிண்டா முதுகு கேளாது."

"அப்ப முதுகுக்குத்தான் ஏலாது, அக்காவுக்கு ஏலும்," என்று கொண்டக்டர் தீர்ப்புச் சொல்லி ரிக்கற்றைத் தந்தார். சிரித்தபடி உட்கார்ந்தேன். இடம் கேட்பதும் ஏலாமல் போவதும் ஒன்றல்ல என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

வழியில் வல்லை என்ற மரமில்லாத வெளியில் காற்று முகத்தில் அடித்தது. இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு தூரம். 10.20க்கு நெல்லியடியில் இறங்கினேன்.

வாசுகி ரியூட்டரி வாசலுக்கு வந்தாள். "ஆர் கொண்டுவந்து விட்டது?"

"பஸ்."

"ஆரோடை வந்தனி?"

"கொண்டக்டரோடை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒன்றரை மணித்தியாலம் நிண்டு படிப்பிப்பியோ?"

"மாட்டன். கதிரையிலை இருந்துதான் படிப்பிப்பன். நீ பலகையைக் கீழை இறக்கு."

12.30 பஸ்ஸில் திரும்பி, இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தேன். முதுகு நொந்தது. பின்னேரம் கணவரிடம் சொன்னபோது ரிக்கற்றைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

இப்படிப் புறப்பட நினைப்பவர்கள் முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். பள்ளிக்கூட நெரிசல் ஓய்ந்து ஒன்பது மணிக்குப் பிறகு ஏறுங்கள். குதிக்காலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்புப் போடுங்கள். உணர்ச்சியில்லாத காலில் இருந்து செருப்புக் கழன்றால் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

போன சனிக்கிழமை முதல் வகுப்பு. பலகை இரண்டடி கீழே இறங்கியிருந்தது. பின்வரிசை வாங்குகளில் இருந்த பிள்ளைகள் எழுத்துத் தெரியவில்லை என்றார்கள். முன்னுக்கு வந்து இருக்கச் சொன்னேன்.