வண்டியில் ஹலோ சொன்னவர்கள்

போக்குவரத்து போலீஸ் வேலையில் ஒரே நாளில் கேட்கிற சாக்குகளை எழுதிவைக்க ஆரம்பித்தால் நோட்டு வாங்கி மாளாது. ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் செல்போனுமாக வருகிற ஆளுக்குப் பயந்து நீங்களும் சாலையோரம் ஒதுங்கியிருப்பீர்கள். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் நான் பெண் உதவி ஆய்வாளர். வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுகிறவர்களைப் பிடிக்கும் பொறுப்பு வந்த அன்றே, அழுதாலும் சிரித்தாலும் ஒருவரையும் விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

மயில்கழுத்து நிறம்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை ஏஜென்ட். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு, உடலுக்கு மயில்கழுத்து, பார்டருக்கு அரக்கு என்று விவரித்தபடியே ஸ்கூட்டரில் வந்தார். நிறுத்தினேன். போனைக் கையால் தொடவே இல்லையே, எப்படி அபராதம் போடலாம் என்று வாதாடினார். கை சும்மா இருந்தாலும் கவனம் புடவையில்தானே இருந்தது என்றேன்.

கல்யாணப் பார்ட்டி, ஒரு நிமிஷம் தாமதித்தாலும் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று புலம்பிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். கைபட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. மறுமுனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் குரல் தெளிவாக வந்தது: "எங்களுக்குப் புடவை அடுத்த மாசம்தான வேணும், வண்டிய நிறுத்திட்டே பேசியிருக்கலாமேங்க."

சிபாரிசு

பைக்கில் பேசிக்கொண்டே வந்து மாட்டிய இளைஞன் ஒருவன் பதற்றமே இல்லாமல் யாருக்கோ போன் போட்டு என்னிடம் நீட்டினான். பேசியவர் கட்சிக்காரராம். பையனை விட்டுவிடச் சொன்னார். அவர் பேச்சுக்கு நடுவே ஹாரன் சத்தம், பிறகு பிரேக் சத்தம். ஐயா இப்போது வண்டி ஓட்டிக்கொண்டுதான் பேசுகிறீர்களா, எந்த ரோடு என்று கேட்டேன். போனைத் திருப்பி வாங்கிப் பார்த்த இளைஞன் சொன்னான்: "அண்ணன் கட் பண்ணிட்டாரு மேடம், நீங்க அபராதத்த போட்டுக்கோங்க."

சேகரின் பள்ளி வேன்

இவரை மட்டும் என்னால் மறக்க முடியாது. திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில், வேன் நிறையப் பிள்ளைகளோடு போன் பேசியபடி திரும்பினார். எதிரே சைக்கிளில் வந்த பூக்காரர் மயிரிழையில் தப்பினார். பல வருஷமாக ஒரு சின்னக் கீறல்கூடப் போடாத டிரைவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அபராதத்தோடு, லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்கவும் எழுதினேன்.

மறுநாள் அவர் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தார். கெஞ்சவில்லை. புருஷனின் போனை மட்டும் மேஜைமேல் வைத்தார். அன்று காலை வந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாம் பிள்ளைகளின் அம்மாக்கள், வேன் எங்கே வந்துக்கினு இருக்குது என்று கேட்டவர்கள். எடுக்காவிட்டால் பள்ளியில் புகார் சொல்வார்களாம். ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை. அந்தப் பூக்காரர் விழுந்திருந்தால் எந்த அழைப்பைக் காட்டி அவர் வீட்டாரைச் சமாதானப்படுத்துவது?

லைசென்ஸ் இல்லாத டிரைவர் எதற்கு என்று நிர்வாகம் அவரை அனுப்பிவிடப் பார்ப்பதாகவும் அவர் மனைவி சொல்லியிருந்ததால், பள்ளிக்கே போனேன். பெற்றோரை வரவழைத்து, யார் யார் எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்று அந்தப் போனைப் பார்த்து வாசித்தேன். கடைசியில் ஒரு அம்மா எழுந்து, சேகரை வேலையைவிட்டு அனுப்பக்கூடாது என்றார். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, நிர்வாகம் இறங்கிவந்தது. மூன்று மாதமும் வேறொருவர் ஓட்ட, சேகர் பக்கத்து சீட்டில் உதவியாளராக உட்கார்ந்து, வருகிற போனுக்கெல்லாம் பதில் சொன்னார். லைசென்ஸ் திரும்பக் கிடைத்த அன்று என்னைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது: "பக்கத்து சீட்ல உக்காந்து பாத்தப்பதாம்மா தெரிஞ்சுது, நம்ம ரோட்ல எவ்ளோ பேரு குறுக்க வராங்கன்னு."

ஆக, இந்த வேலைக்கு வந்தபின் ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் குறைந்திருக்கிறார்கள், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகிறது.