ஆறு பேரும் சந்தேக கேஸ்

கொலை விளையாட்டில் யாருக்கு எந்தப் பெட்டியைக் கொடுப்பது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் இந்த விஷயத்தில் எனக்கு மேல் ஆள் கிடையாது. போட்டிக்கு ஆளே இல்லை என்பதும் ஒரு காரணம்தான், ஆனாலும் சொல்வேன்.

இது எனக்கு ஒரு கோபத்தில் வந்த பழக்கம். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், உள்ளே வரும் வெளியே போகும் பெட்டிகளின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஒரு விடுமுறை நாளில் ஊருக்குத் தெற்கே ஒரு காபிக் கடைக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே மேசைக்கு மேசை விளையாட்டுப் பெட்டிகள். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பதற்கென்றே ஒரு தம்பி இருந்தான். கையில் ஒரு துப்பறியும் பெட்டியோடு வந்தவன், பேச்சுவாக்கில் எந்த ஏரியா என்று கேட்டான். தண்டையார்பேட்டை டோல்கேட் என்றேன். அவன் மரியாதையாகத்தான் சிரித்தான். பிறகு கொலைப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, குரங்குகள் பழம் பறிக்கும் ஆட்டம் ஒன்றை எடுத்து வந்தான். "இது உங்களுக்கு ஈசியா இருக்கும்" என்றான்.

"அதையே கொண்டு வா" என்று அலமாரியைக் காட்டினேன். அன்றைக்கு ஆடித் தோற்றேன். மண்ணைக் கவ்வினேன் என்றே சொல்லலாம். பரவாயில்லை. குரங்கோடு சேர்ந்து ஜெயிப்பதைவிடக் கொலைகாரனிடம் தோற்பது மேல்.

எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று வடசென்னையில் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சினிமாவில் கொலை செய்கிறவன் எங்கள் பாஷை பேசுவான். கண்டுபிடிக்கிறவன் பேசவே மாட்டான். கத்தி எங்களுக்கு, மூளை அவர்களுக்கு என்று யாரோ எப்போதோ பங்கு பிரித்துவிட்டார்கள். நான் அந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டோல்கேட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் ஒரு சின்ன ஹால் இருக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அங்கேதான். சந்துக்காரர்களின் சங்கம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் விசேஷம் முடிந்து காலியாகக் கிடக்கும் நேரத்தில் ஆடிக்கொள்கிறோம் என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான். பெட்டியின் மேலிருந்த ரத்தத் துளிப் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கேரம் ஆடுங்கம்மா, செஸ் ஆடுங்க. கொலைன்னு சொன்னா ஏரியா பேரு இன்னா ஆவறது? ஏற்கெனவே நாறிக் கெடக்குது."

"பேரு கொலை பண்றதுலதான் கெடும்ணே. கண்டுபுடிக்கிறதுல கெடாது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஹால் கிடைத்தது.

ஆறு பேர் சேர்ந்தோம். நான், கல்லூரியில் படிக்கும் அக்கா தங்கை இரண்டு பேர், ஒரு ஷேர் ஆட்டோக்காரர், முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்து டோல்கேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா, வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு வெல்டர் தம்பி. அவன் எங்கள் யார்டில் உடைந்த கன்டெய்னர்களை ஒட்டுகிறவன்.

ஆட்டத்தைப் பார்த்து ஆளைச் சேர்க்கக் கூடாது, ஆளைப் பார்த்துத்தான் ஆட்டத்தை எடுக்க வேண்டும். பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதுக் கணக்கை நம்பாதீர்கள். புத்திசாலிக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று என்று பிரிக்கிறவன் ஆட்டமே தெரியாதவன். ஆட்டோக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏழு பேரைத் திணித்துவிட்டு, "ஒரே ஒரு சீட்டுதான் கீது, ஏறு நைனா" என்று எட்டாவது ஆளிடம் முகம் மாறாமல் சொல்கிறவர். அவருக்குப் பொய் சொல்லும் ஆட்டம்தான். ஊரே கண்ணை மூட, கொலைகாரன் மட்டும் கண்ணைத் திறந்து ஆளைக் காட்டுவான். விடிந்ததும் எல்லோரும் கூடிப் பேசி, சந்தேகப்படுகிற ஒருவனை ஓட்டுப் போட்டு ஒழிப்பார்கள். அதில் அவரை யாரும் பிடித்ததில்லை. அந்தச் சகோதரிகளுக்குக் காகிதம் வேண்டும். மருத்துவர் அறிக்கை, கிழிந்த பஸ் டிக்கெட், பாதி எரிந்த போட்டோ என்று பெட்டி நிறையக் காகிதம் உள்ள ஆட்டத்தைக் கொடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்குள் சண்டை வராது. ஒரே குறை, விடை தெரிந்துவிட்டால் அந்தப் பெட்டி அதோடு சரி.

மீன்கார அக்காவுக்குத்தான் நான் முதலில் தப்பான பெட்டியை எடுத்தேன்.

அது பங்களா ஆட்டம். ஒரு பங்களாவில் கொலை நடந்துவிடும். உள்ளே ஆறு பேர்: டாக்டர், சமையற்காரம்மா, பேங்க் மேனேஜர், பணக்கார விதவை, ஓவியர், ரிட்டயரான ஜட்ஜ். ஆறு பேருக்கும் மரத்தில் சின்னச் சின்னப் பொம்மைகள். ஆள், ஆயுதம், அறை மூன்றிலும் ஒவ்வொரு கார்டை யாரும் பார்க்காமல் ஒரு கவருக்குள் போட்டுவிட்டு, மீதியைக் கலக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் கையில் இருக்கும் ஆள் கொலைகாரன் இல்லை. அதை வெளியே சொல்லாமல், ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே போய், கவரில் இருப்பது யார் என்று சொல்ல வேண்டும்.

நான் விளக்கி முடித்ததும் அக்கா கேட்டாள். "அப்போ ஆறு பேரும் சந்தேக கேஸா?"

எங்கள் பக்கத்தில் சந்தேக கேஸ் என்பது ஏட்டில் இருக்கிற வார்த்தை இல்லை. ஒரு தெருவில் திருட்டு நடந்தால் அடுத்த தெருவில் குறுக்கே வந்தவனைப் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர்.

"ஆமாக்கா, ஆறு பேரும்தான்."

"ஜட்ஜுமா?"

"ஜட்ஜும்தான்."

"அய்ய! அப்போ போடுமே கார்ட" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

ஆட்டம் இரண்டு சுற்றுகூடத் தாங்கவில்லை. ஆட்டோக்காரர் சமையற்காரம்மாமேல் சந்தேகப்பட்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த கார்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டிவிட்டாள். "அந்தம்மா இல்லபா! என் கையில கீது பாரு! அவள வூட்டுக்கு அனுப்பு!" என்று பொம்மையைத் தூக்கிப் பலகைக்கு வெளியே வைத்தாள்.

சகோதரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். காட்டக் கூடாது, ரகசியம், அதுதான் ஆட்டமே என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"இன்னாமே ஆட்டம் இது? அவ இல்லன்னு எனக்குத் தெரியுது. கையில ஆதாரத்த வெச்சிகினு, அவள அல்லாரும் பேசறத கேட்டுகினு குந்தினு இருக்கணுமா? எனக்கு வராது."

உண்மையிலேயே வரவில்லை. அடுத்த வாரமும் அதேதான், அந்த முறை டாக்டரை அனுப்பிவைத்தாள். அதனால் அவளுக்கென்று, எல்லோரும் ஒரே கட்சியாக நின்று கைக்கு வந்த தடயத்தைப் பொதுவில் போட்டு ஆடும் ஆட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதில் அவள் ராணி. ஆனால் அவள் சொன்ன 'வூட்டுக்கு அனுப்பு' மட்டும் எல்லா ஆட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. யாராவது ஒருவர் கொலைகாரர் இல்லை என்று தீர்ந்தால், பொம்மையைத் தூக்கி வெளியே வைத்து, "வூட்டுக்குப் போ" என்று சொல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

வெல்டர் தம்பி நேர் எதிர். பங்களா ஆட்டத்தில் அவனை மிஞ்ச முடியாது. பேசவே மாட்டான். ஐந்து பேரும் இல்லை என்று உறுதியாகும் வரை ஆறாவது ஆளின் பெயரை வாயில் எடுக்க மாட்டான். ஆனால் ஓட்டுப் போட்டு ஒழிக்கும் ஆட்டத்தை எடுத்தால் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போய்விடுவான், முடிந்த பிறகுதான் வருவான். சகோதரிகள் கூச்சம் என்று கேலி செய்தார்கள். அவன் இல்லாத ஒரு வாரம் மீன்கார அக்காதான் சொன்னாள்.

"எவளோ செயின காணோம்னு சொன்னா, இவன சந்தேக கேஸ்ல இஸ்துகினு போயி குந்த வெச்சிட்டாங்கோ. செயினு அப்பால அவ பீரோலயே கெடச்சிது. இன்னா பிரயோசனம்? பேரு ஒட்டிகிச்சி."

அதன் பிறகு அவன் வரும் நாட்களில் அந்தப் பெட்டியை நான் எடுப்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு. காலையில் ஹாலில் ஒரு மஞ்சள் நீராட்டு. மதியம் சமையல்காரர்கள் அண்டாவை ஏற்றிக்கொண்டு போக, தண்ணீர் கேன்காரன் வர, பந்தல்காரன் துணியைச் சுருட்ட, பக்கவாட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நாங்கள் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் பூட்ட வந்த செயலாளர் மேடையைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். ஹாலின் பித்தளைக் குத்துவிளக்கைக் காணோம். அது அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது.

வெளியே போய் விசாரித்துவிட்டு, சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு திரும்பி வந்தார். நேராக வெல்டர் தம்பியின் முன்னால் வந்து நின்றார்.

"நீ சாக்கு மூட்டை ஒண்ணு தூக்கினு பக்கத்துக் கதவு வழியா போனியாமே? எதிர்க்கடைக்காரரு பாத்துருக்காரு."

அவன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். யாரும் கட்டச் சொல்லவில்லை, கை தானாகப் போனது.

"என் கையில கீது!" என்று ஒரு சத்தம். மீன்கார அக்கா எழுந்துவிட்டாள். "அந்த மூட்டை என்னுது! விக்காத மீனு, ஐஸ் பொட்டியில போட்டு சாக்கு சுத்தி வெச்சிருந்தேன். என் தங்கச்சி வூட்டுக்கு அனுப்பணும்னு வெளிய ஒரு ஆட்டோவாண்ட நின்னுகினு இருந்தேன், இவன்தான் கொணாந்து ஏத்தினான். பொட்டிய தெறந்து தண்ணிய வடிச்சவ நானு. அதுல உங்க வெளக்கு இல்ல, வவ்வாலு மீனுதான் இருந்திச்சி!"

செயலாளர் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை. "சரி, அப்போ எவன் எடுத்தான்? வாரா வாரம் துப்பறியிறீங்களே, சொல்லுங்க."

"தெரியாதுண்ணே" என்றேன்.

"நாளைக்குக் கம்ப்ளெயின்ட் குடுக்கணும். யார்மேல சந்தேகம்னு கேப்பாங்க. ஒரு பேரு சொல்லியாவணும். இவன்மேல ஏற்கெனவே..." என்று இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரும்மா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வந்து ஆடுங்க. இவன் மட்டும் இனிமே வர வேணாம். நானும் இவன் பேர எழுதல. முடிஞ்சிது."

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு ஆளைக் கழித்துவிட்டால் ஹால் எங்களுக்கு. சமரசம் என்று அவர் நினைத்தார். எனக்கு அந்தக் காபிக் கடைத் தம்பியின் மரியாதைச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"ஆட்டத்துல கவருக்குள்ள எப்பவும் ஒருத்தன் இருப்பான்ணே. நாமதான் போட்டு வெச்சிருப்போம். இங்க யாரு இருக்கான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியலன்றதுக்காகக் கைக்குக் கெடச்சவனத் தூக்கி உள்ள போடக் கூடாது. எழுதறதா இருந்தா இங்க இருந்த ஆறு பேர் பேரையும் எழுதுங்க. மொதல்ல என் பேரு. நானே வந்து ஸ்பெல்லிங் சொல்றேன்."

"ஆறு பேரும் சந்தேக கேஸ்" என்றாள் மீன்கார அக்கா. சகோதரிகளில் சின்னவள் பயத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் தலையை ஆட்டினாள். ஆட்டோக்காரர் மட்டும் வாயே திறக்கவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, தன் வண்டியில் கொண்டுபோய் வைத்தார். அவர் பொய் சொல்லாத ஒரே சாயங்காலம் அதுதான்.

செயலாளர் புகார் கொடுக்கவில்லை. விளக்கும் கிடைக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்று இன்று வரை தெரியாது. ஹால் போனது. போகட்டும்.

அடுத்த ஞாயிறு வியாசர்பாடியில், வெல்டர் தம்பி குடியிருக்கும் ப்ளாக்கின் மாடிப்படிக்குக் கீழே கூடினோம். கேபிள் சுற்றி வருகிற மர உருளை ஒன்றைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருந்தான். யாருக்கு எந்தப் பெட்டி என்று நான் யோசிக்கும் முன்பே மீன்கார அக்கா பங்களா ஆட்டத்தை உருவினாள்.

"நான் ஆடலமே, கலக்கித் தரேன்" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து, கவரைக் கட்டி, கார்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

வெல்டர் தம்பி வழக்கம்போல் கழித்துக்கொண்டே வந்தான். ஓவியர் இல்லை. விதவை இல்லை. மேனேஜர், டாக்டர், சமையற்காரம்மா இல்லை. மிச்சம் ஜட்ஜ்தான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சகோதரிகளில் பெரியவள் தன் கையிலிருந்த ஜட்ஜைக் காட்டினாள்.

"யக்கா, ஆறு பேரும் இல்லயே" என்றான். "கார்டு மாறிப் போச்சா?"

"கவர பிரி."

பிரித்தான். உள்ளே ஒரு கத்தி, ஒரு அறை. ஆள் இல்லை.

"எவன்னு தெரில, அதான் போடல" என்றாள் அக்கா. "தெரிலன்னா இன்னா பண்ணணும்?"

அவன் கவருக்குள் இன்னொரு முறை பார்த்தான். பிறகு பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உருளையின் ஓரத்தில் வைத்தான். ஒவ்வொன்றுக்கும் "வூட்டுக்குப் போ" என்றான். கடைசியில் ஜட்ஜை எடுத்தான். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"நீயும் போ நைனா" என்றான்.